அளவு கொஞ்சம் விலகினாலே ஆஃப்செட்டை மாற்றலாமா?

தரக் கட்டுப்பாட்டுப் பணியில் நான் அடிக்கடி பார்ப்பது இது. சிஎன்சி லேத்தில், அதாவது கணினி இயக்கும் கடைசல் மெஷினில், 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும். டாலரன்ஸ், அதாவது அனுமதித்த விலகல், இரண்டு பக்கமும் 0.05. ஆபரேட்டர் ஒரு பீஸை மைக்ரோமீட்டரில் அளக்கிறார்: 25.02. உடனே ஆஃப்செட்டில், அதாவது டூல் நிற்கும் இடத்தைத் திருத்த மெஷினில் போடும் எண்ணில், 0.02 குறைக்கிறார். அடுத்தது 24.97. மறுபடி 0.03 கூட்டுகிறார். ஷிப்ட் முழுக்க இதே வேலை. பொறுப்பான ஆள்தான், ஆனால் ரிஜெக்ஷனை உண்டாக்குவதே இந்தத் திருத்தம்தான்.

எப்படி? எந்த மெஷினுக்கும் இயல்பான ஏற்ற இறக்கம் உண்டு. இந்த லேத்தின் திட்ட விலக்கம், அதாவது சிக்மா, 0.012 என்று வைத்துக்கொள்வோம். கை வைக்காமல் விட்டால் அநேகமாக எல்லாப் பீஸும் மூன்று சிக்மாவுக்குள், அதாவது 0.036 விலகலுக்குள் அடங்கிவிடும். டாலரன்ஸுக்குத் தாராளமாக இடமிருக்கிறது. ஒவ்வொரு பீஸுக்கும் திருத்தினால் போன பீஸின் தற்செயலான விலகலும் அடுத்ததில் சேர்ந்துகொள்ளும். சிக்மா 1.41 மடங்காகி 0.017 ஆகும்; மூன்று சிக்மா 0.051. நன்றாக ஓடிய மெஷின் டாலரன்ஸைத் தாண்டத் தொடங்கிவிட்டது.

எப்போது கை வைக்கலாம், எப்போது கூடாது என்று பிரித்துச் சொல்லத்தான் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் 1924-இல் கன்ட்ரோல் சார்ட்டை, அதாவது அளவுகளை வரிசையாகப் புள்ளி வைத்துப் பார்க்கும் வரைபடத்தை, உருவாக்கினார். போடுவது சுலபம். ஆஃப்செட்டைத் தொடாமல் 25 பீஸை வரிசையாக அளந்து எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு பீஸ்களுக்கு இடையிலான வித்தியாசங்களின் சராசரியை 2.66-ஆல் பெருக்குங்கள். அதை மொத்தச் சராசரியோடு கூட்டினால் மேல் கோடு, கழித்தால் கீழ்க் கோடு; இவைதான் கட்டுப்பாட்டு எல்லைகள். மொத்தச் சராசரிதான் நடுக்கோடு. இந்த எல்லைகளுக்கு வெளியே புள்ளி போனால் காரணம் தேடுங்கள். எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தாலும் அப்படித்தான். டூல் தேய்மானம் பெரும்பாலும் இந்த வகையில்தான் தெரியும். அங்கே ஆஃப்செட் மாற்றுவது நியாயமே.

தயவுசெய்து சார்ட்டில் டாலரன்ஸ் கோட்டைப் போட்டுவிட்டு அதையே கட்டுப்பாட்டு எல்லை என்று நினைக்காதீர்கள். டாலரன்ஸ் டிராயிங்கிலிருந்து வருவது, வாடிக்கையாளரின் தேவை. கட்டுப்பாட்டு எல்லை மெஷின் தானே சொல்வது. ஆடிட்டுக்காக மாட்டிய பல சார்ட்களில் இந்தக் குழப்பத்தைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் அளவுக் கருவியைச் சரிபாருங்கள். ஒரே ஷாஃப்டை இரண்டு பேர் அளந்து 0.02 வித்தியாசம் வந்தால் சார்ட் போட்டுப் பயனில்லை.

அப்புறம், புள்ளி எல்லை தாண்டிய அந்த நிமிடமே சார்ட்டின் ஓரத்தில் நேரத்தோடு குறித்துவையுங்கள்: இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றியதா, புது லாட் கம்பியா, கூலண்ட் குறைந்ததா? மறுநாள் காலையில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.