வட்டம்: தள்ளுபடி அல்ல

கும்பினி எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துப் பணப்புழக்கத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'செப்புக்காசுகள் தள்ளுபடியில் மாற்றப்பட்டன' என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தவறான சொல். இதற்கு வட்டம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு நாணயத்தைக் கொடுத்து வேறொன்றை வாங்கும்போது முகமதிப்புக்கு மேலோ கீழோ விழும் வித்தியாசம்தான் வட்டம். வடக்கே 'பட்டா' (நிலப்பட்டா அல்ல) என்பார்கள், ஆங்கிலேயர் 'பேட்டா' என்று எழுதிவைத்தார்கள். பயணப்படிக்குச் சொல்லும் பேட்டா வேறு. வட்டியும் வேறு: அது காலத்துக்குக் கூலி, வட்டம் மாற்றுவதற்குக் கூலி.

இதைவிடப் பழைய சொல் வாசி. திருவீழிமிழலையில் சம்பந்தர் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடியது, தமக்குக் கிடைத்த காசை மாற்றும்போது குறைத்துக்கொண்டார்கள் என்பதற்காகத்தான். அப்படியானால் வாசி என்றே எழுதலாமே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். அந்தப் பாட்டில் வாசி என்பது காசின் மாற்று, அதாவது உலோகத் தரம், குறைவதால் வரும் வேறுபாடு. வட்டமோ குறையே இல்லாத நல்ல காசுக்கும் விழும். அதனால் பொதுச்சொல்லாக வட்டமே நிற்கும்.

தள்ளுபடிக்கு வருவோம். ஆடி மாதம் ஜவுளிக்கடைக்காரர் தாமாக விலையைக் குறைப்பது தள்ளுபடி. அரசு பயிர்க்கடனை விட்டுக்கொடுப்பதும், நீதிமன்றம் மனுவை ஒதுக்குவதும் தள்ளுபடி. நாணயம் மாற்றித் தரும் காசுக்கடைக்காரர் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை, தம் கூலியைப் பிடித்துக்கொள்கிறார். பிடிப்பதைத் தள்ளுவதாக எழுதினால் யார் இழந்தார், யார் பெற்றார் என்பதே தலைகீழாகிவிடும். சட்டக் கணக்கில் ஒரு வெள்ளி ரூபாய்க்கு 64 செப்புக் காலணா. சந்தை நாளில் செப்பு கிராக்கியாகி, ஒரு ரூபாய்க்கு 62 காலணாதான் கிடைக்கிறது என்று வையுங்கள். ரூபாய் கொடுத்தவர் இரண்டு காலணா வட்டம் கொடுத்திருக்கிறார். கிஸ்தி என்ற நிலவரி கட்டும் பருவத்தில் எல்லோரும் வெள்ளி தேட, ரூபாய் ஒன்றுக்கு 66 காலணா கேட்கிறார்கள். இப்போது செப்பு வைத்திருப்பவர் வட்டம் கொடுக்கிறார். இந்த இரண்டில் எதைத் 'தள்ளுபடி' என்பது? யாருக்கு யார் தள்ளியது? வட்டம் கொடுத்தார், வாங்கினார் என்றால் திசை தானே தெளிவாகிவிடும்.

கொங்குநாட்டை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் இல்லாமல் கணக்கே ஓடாது. 1799 வரை மைசூர் ஆட்சி. கண்டீரவப் பணம், சுல்தான் பணம், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த மலையாளத்து வீரராயன் பணம், அதன்பின் கும்பினியின் வராகன் என்ற பொற்காசு எல்லாம் புழங்கின. சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்து ரூபாய்க்கு மாறினார்கள். நாணயம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் காசின் தரம் பார்க்கும் நோட்டக்காரர் இருப்பார், வட்டமும் இருக்கும்.

1835இல் கும்பினி ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே ரூபாய் வந்த பிறகும் வட்டம் ஒழியவில்லை. செப்பு ஒரு ரூபாய்க்கு உட்பட்ட சில்லறைக்கு மட்டுமே செல்லும் என்றது சட்டம், ஆகவே கிஸ்தியைச் செப்பாகக் கட்ட வழியில்லை. காலணா ஒன்றின் எடை 100 கிரெயின், அதாவது சுமார் 6.48 கிராம். நூறு ரூபாய்க்கு 6,400 காலணா, 41 கிலோவுக்கு மேல். எண்ணவும் சுமக்கவும் காவலுக்கும் ஆகும் செலவை யாராவது ஏற்கத்தானே வேண்டும்?

காகித நோட்டில் இன்னொரு பிழை நடக்கிறது. 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி நோட்டுகள் சரகம் சரகமாக, அதாவது ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனியாக, வெளியிடப்பட்டன. சென்னைச் சரக நோட்டு சென்னைச் சரகத்தில்தான் செல்லும். பம்பாய்ச் சரக நோட்டு ஒன்று பொள்ளாச்சிக்கு வந்தால், வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. வாங்கினாலும் வட்டம் பிடிப்பார். அரசுப் பதிவுகளில் வரும் 'ஃபாரின்' என்ற சொல் இந்த வேற்றுச் சரகத்தையே குறிக்கும். அதை 'வெளிநாட்டு நோட்டு' என்று பெயர்க்கிறவர்கள் பம்பாயை வெளிநாடாக்கிவிடுகிறார்கள். படிக்கிறவர் லண்டன் நோட்டு கோவையில் புழங்கியது என்று நினைத்துக்கொள்வார். அயற்சரக நோட்டு என்று எழுதலாம். அந்த வரம்பு 5 ரூபாய் நோட்டுக்கு 1903இல் பர்மா நீங்கலாக நீங்கியது, 10, 50 ரூபாய்க்கு 1910இல், 100 ரூபாய்க்கு 1911இல். ஆகவே ஆவணத்தின் ஆண்டைப் பார்க்காமல் அந்தச் சொல்லைப் பெயர்க்கக் கூடாது.

அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டுவதால்தான் இந்தக் குழப்பம். பழைய கணக்கேடுகளில் வட்டம் என்றே எழுதியிருக்க, அது ஆங்கிலத்துக்குப் போய் 'டிஸ்கவுன்ட்' ஆகித் திரும்பி வரும்போது தள்ளுபடியாகிறது. நோட்டக்காரரும் அப்படியே 'நாணயப் பரிசோதகர்' ஆகிவிடுகிறார். சங்க காலத்தில் அவருக்கு வண்ணக்கன் என்று பெயர். புலவர் சிலரின் பெயரோடு அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.