பல்லும் நாக்கும்: சிக்கனமாக ஒரு ராட்செட் வாங்குவதற்கு முன்

சைக்கிளை மிதிக்காமல் இறக்கத்தில் விடும்போது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து வரும் 'டிக் டிக்' ஓசை எல்லோருக்கும் தெரியும். அந்த ஃப்ரீவீலுக்குள் இருக்கும் ஏற்பாடுதான், நட்டு போல்ட்டை இறுக்கவும் கழற்றவும் பயன்படும் ராட்செட் என்ற கைக்கருவியின் தலைக்குள்ளும் இருக்கிறது. ஒரு பல்சக்கரம், அதன் பள்ளத்தில் விழுந்து நிற்கும் சிறிய எஃகு நாக்கு, நாக்கைப் பின்னாலிருந்து அழுத்தும் ஸ்பிரிங். கைப்பிடியை ஒரு பக்கம் இழுத்தால் நாக்கு பல்லில் முட்டிக்கொண்டு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும். மறுபக்கம் தள்ளினால் பல்லின் சரிவில் ஏறி அடுத்த பள்ளத்தில் விழும். நட்டு அசையாமல் நிற்க, கைப்பிடி மட்டும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஃப்ரீவீல் ஒரே திசையில் பிடித்தால் போதும், எனவே அதன் பற்கள் ரம்பப் பல்லைப் போல ஒருபுறம் சாய்ந்திருக்கும். ராட்செட்டோ இறுக்கவும் வேண்டும், கழற்றவும் வேண்டும். அதனால் பற்கள் இருபுறமும் ஒரே மாதிரி வெட்டப்பட்டிருக்கும். தலைக்குப் பின்னாலுள்ள சிறு நெம்பியைத் தள்ளினால் நாக்கு மறுபக்கம் சாய்ந்து, அதன் இன்னொரு முனை பல்லைப் பிடித்துக்கொள்ளும். நட்டின் மேல் கவிழும் குழல் போன்ற சாக்கெட்டை மாற்றி மாற்றிப் பொருத்தும் ராட்செட்டுக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜே.ஜே. ரிச்சர்ட்சன் 1863-இல் காப்புரிமை பெற்றார். உள்ளே இருக்கும் தத்துவம் இன்றும் அதுவே.

பாலக்கோடு, காரிமங்கலம், ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு மொபெட், ஒரு பழைய பைக், கிணற்றடியில் ஒரு மோட்டார் என்று இருப்பது வழக்கம். சிலரிடம் பவர் டில்லரும் உண்டு. சின்னச் சின்னப் பழுதுகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நினைப்பவர் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது பல் கணக்கு: "இது 24 பல், இது 72 பல், விலை அதற்கேற்ப." பல் கணக்கு பொய்யில்லை. ஆனால் அதைவிட முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கழற்றும் வேலையில் எந்தப் பகுதியை ராட்செட்டிடம் ஒப்படைக்கப் போகிறோம்?

ஒரு நட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வேலைக்குப் போகிறது. மீதி முழுவதையும் நட்டின் அடிப்பகுதியிலும் மரையிலும் ஏற்படும் உராய்வு தின்றுவிடுகிறது. கழற்றும்போதும் அந்த உராய்வைத்தான் முதலில் வெல்ல வேண்டும். அதன் மேல் துரு சேர்ந்திருந்தால் இன்னும் கடினம். நட்டு 'டக்' என்று விட்டுக்கொடுத்த கணத்தில் போல்ட்டின் இழுவிசை தளர்கிறது, இழுவிசை தளர்ந்தால் மரைகள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது, உராய்வும் சரிகிறது. மரை சுத்தமாக இருந்தால் அதன் பிறகு விரலாலேயே சுழற்றலாம். ஆக, கழற்றுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதல் கால் சுற்று பலத்தின் வேலை. மீதிச் சுற்றுகள் வேகத்தின் வேலை. ராட்செட் பிறந்தது இரண்டாவது வேலைக்காக.

முதல் வேலைக்கு அதைப் பயன்படுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முறுக்குவிசையை நியூட்டன் மீட்டர் என்ற அலகில் அளப்பார்கள்; பல சிறிய கார்களின் சக்கர நட்டுக்குரிய அளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். அரை இஞ்ச் ராட்செட்டின் (சாக்கெட் பொருந்தும் சதுரத் தண்டின் பக்கம் அரை இஞ்ச்) பல்சக்கரத்துக்கு 25 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால் ஆரம் 12.5 மில்லிமீட்டர். 100-ஐ 0.0125-ஆல் வகுத்தால் 8,000 நியூட்டன். ஏறத்தாழ 800 கிலோ எடை, விரல் நுனி அளவுள்ள ஒரு நாக்கின் மேல்! தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் முதல் ஓசூர் வரை உள்ள டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டு என்றால் இதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். அங்கே ராட்செட்டை மாட்டி, கைப்பிடியில் பைப் சொருகி, மேலே ஏறி நிற்பது நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி. அரை இஞ்ச் ராட்செட்டின் கைப்பிடி பொதுவாக 250 மில்லிமீட்டர் நீளம். 60 கிலோ எடையுள்ளவர் முழு எடையையும் அதன் நுனியில் போட்டாலும் கிடைப்பது 147 நியூட்டன் மீட்டர். பைப்பைப் போட்டு அதை 1 மீட்டராக நீட்டினால் 590-ஐத் தொட்டுவிடும். அரை இஞ்ச் ராட்செட் தாங்கிக் காட்ட வேண்டும் என்று சர்வதேசத் தரவிதி கேட்கும் சோதனை அளவே 512 நியூட்டன் மீட்டர்தான். கைப்பிடி குட்டையாக இருப்பது கருவியைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு. பல் உடைந்து கைப்பிடி திடீரென்று விடுபட்டால் அடிபடுவது நம் விரல் மூட்டு.

எனவே குறைந்த பணத்தில் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் நல்ல சாக்கெட்டுகள் சிலவற்றையும், பல் எதுவும் இல்லாத ஒரு கெட்டியான டி பாரையோ (T வடிவக் கைப்பிடி) பிரேக்கர் பாரையோ (நீண்ட நேர்க் கைப்பிடி) வாங்குங்கள். இவற்றில் பல்சக்கரம் இல்லை, நாக்கு இல்லை, உடைவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இறுகிய நட்டை அதனால் அசைத்துவிட்டு, பிறகு ராட்செட்டை மாட்டுங்கள். அப்படிப் பயன்படுத்தினால் நடுத்தர விலை ராட்செட்கூட பல ஆண்டுகள் உழைக்கும்.

இப்போது பல் கணக்குக்கு வருவோம். 24 பல் என்றால் ஒரு பல்லுக்கு 15 பாகை. 36 என்றால் 10. 72 என்றால் 5. அடுத்த பல்லைப் பிடிக்க 250 மில்லிமீட்டர் கைப்பிடியின் நுனி நகர வேண்டிய தூரம் 24 பல்லில் 65 மில்லிமீட்டர், 72 பல்லில் 22 மில்லிமீட்டர். மொபெட்டின் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கை நுழையவே இடமில்லாத இடத்தில் இந்த வித்தியாசம் வேலை நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானிக்கும். திறந்த வெளியில் இருக்கும் பம்ப் செட் ஃபிளாஞ்ச் போல்ட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சிறுத்துப்போகும். அதே 25 மில்லிமீட்டர் சக்கரத்தில் 36 பல் வெட்டினால் பல்லுக்குப் பல் இடைவெளி 2.2 மில்லிமீட்டர், 72 வெட்டினால் 1.1 மில்லிமீட்டர். சிறிய பல் ஒன்று தனியாக அந்த 800 கிலோவைச் சுமக்க முடியாது. நல்ல தயாரிப்பாளர்கள் நாக்கை அகலமாக்கி, ஒரே நேரத்தில் பல பற்களில் பதியும்படி செய்து இதைச் சரிக்கட்டுகிறார்கள். அதற்கு எந்திரத் துல்லியம் வேண்டும், துல்லியத்துக்கு விலை உண்டு. மிக மலிவான 72 பல் ராட்செட்டை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அதே விலையில் 36 அல்லது 45 பல் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது சாக்கெட் பொருந்தும் சதுரத் தண்டின் அளவு. கால் இஞ்ச், 3/8 இஞ்ச், அரை இஞ்ச் என்று மூன்று வகைகள் வீட்டு வேலைக்குப் பொருந்தும். கால் இஞ்சுக்கும் அரை இஞ்சுக்கும் பார்வையில் இரண்டு மடங்கு வித்தியாசம்தான் தெரிகிறது. ஆனால் ஒரு தண்டு முறுக்கைத் தாங்கும் திறன் அதன் பக்க அளவின் மும்மடியைப் பொறுத்தது. பக்கம் இரு மடங்கானால் தாங்கும் திறன் எட்டு மடங்கு (2 × 2 × 2). தரவிதியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: கால் இஞ்ச் ராட்செட்டுக்கு 62 நியூட்டன் மீட்டர், 3/8-க்கு 202, அரை இஞ்சுக்கு 512.

பெட்டியில் அடுக்கி வரும் 46 பீஸ் செட்டை இந்தக் கணக்கோடு பாருங்கள். கைக்கு அடக்கமான செட், நான் அதைக் குறை சொல்லமாட்டேன். பைக்கின் பக்கவாட்டு மூடிகள், பேட்டரி இணைப்பு, கார்புரேட்டர் ஆகியவற்றுக்கு அது அருமையாக உதவும். ஆனால் அது கால் இஞ்ச் செட். அதனுள் 14 மில்லிமீட்டர் சாக்கெட்டும் இருக்கிறது. நம் பைக்குகளில் 14 தலையுள்ள போல்ட் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் மரையுள்ளது. அதை இறுக்கும் விசையே 40 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும், துருப்பிடித்தால் 62-ஐத் தாண்டுவது எளிது. சாக்கெட் கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று அந்தச் சிறு ராட்செட்டால் இழுத்தால் அதன் பல் போய்விடும். 10 வரை அதில் வேலை பாருங்கள்; 12-இல் அளவறிந்து இழுங்கள்; 14-க்கு அரை இஞ்ச் தண்டை எடுங்கள். இரு சக்கர வாகனத்துக்கு உண்மையில் மிகப் பொருத்தமானது 3/8 இஞ்ச்தான். ஆனால் நம் ஊர்க் கடைகளில் அந்த அளவில் தனிச் சாக்கெட் தேடி அலைய வேண்டியிருக்கும், ஒன்று தொலைந்தால் மாற்றுக் கிடைப்பது சிரமம். அரை இஞ்ச் சாக்கெட் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதுவும் சிக்கனத்தின் ஒரு பகுதி.

சாக்கெட் வாங்கும்போது உள்ளே ஆறு முனை இருக்கிறதா, பன்னிரண்டு முனை இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு முனை 30 பாகைக்கு ஒருமுறை பொருந்தும் என்பதால் சாதாரண ரிங் ஸ்பானரில் அது வசதி. ராட்செட்டில் திரும்பிப் பிடிக்கும் வேலையைப் பல்சக்கரமே செய்துவிடுவதால் அந்த வசதிக்கு அவசியமில்லை. ஆறு முனைச் சாக்கெட் நட்டின் பக்கத்தை அகலமாகப் பிடிக்கும், மூலை மழுங்காது. பழைய நட்டுகளோடு போராடுபவருக்கு ஆறு முனைதான்.

எஃகைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'குரோம் வனேடியம்' என்ற முத்திரை பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு சதவீதம் குரோமியமும் அதைவிட மிகக் குறைவாக வனேடியமும் கலந்த எஃகு அது. நல்ல கலவைதான். ஆனால் கலவை பாதி வேலை. மீதி பாதி, அதைச் சூடாக்கிக் குளிர்விக்கும் முறை. நம் கொல்லர்கள் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதும் இதே அறிவுதான். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று காலக்கணிப்பு சொல்வதாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. அவ்வளவு பழைய உறவு இந்த மண்ணுக்கு இரும்போடு. தோய்ச்சல் மிகுந்தால் பல் கடினமாகி உடையும், குறைந்தால் மென்மையாகி மழுங்கும். இதை முத்திரை சொல்லாது. எவ்வளவு முறுக்குவிசை தாங்கும், எந்தத் தரவிதிப்படி செய்யப்பட்டது என்று உறையில் அச்சிட்டிருக்கும் கருவிக்கு நான் சில நூறு ரூபாய் கூடுதலாகத் தருவேன்.

கடையில் நின்றபடியே பார்க்கக்கூடியவை சில உண்டு. சாக்கெட்டை மாட்டி, இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்புங்கள். சாக்கெட் விரலை இழுத்துக்கொண்டு சுழல முயன்றால் உள்ளே ஸ்பிரிங் மிகக் கடினமாகவோ சக்கரம் கரடுமுரடாகவோ இருக்கிறது. தளர்ந்த நட்டில் இதன் தொல்லை தெரியும்: முன்னால் போன அளவு நட்டும் பின்னாலேயே திரும்பி வரும், ஒரு சுற்றும் முன்னேறாது. என் பார்வையில் பல் எண்ணிக்கையைவிட இந்தச் சோதனை முக்கியம். பிறகு முழுச் சுற்று சுற்றி ஓசை சீராக வருகிறதா என்று இரு திசையிலும் கேளுங்கள். நடுவே ஓரிடத்தில் ஓசை விட்டுப்போனால் அந்த இடத்தில் பல் சரியில்லை. தலையின் மூடி திருகாணியால் மூடப்பட்டிருந்தால் இன்னும் நல்லது, திறந்து சுத்தம் செய்யலாம்.

பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் சாக்கெட் கழன்று விழும் வசதி சிலவற்றில் உண்டு. அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் எழுத்தராக இருந்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் 1960-களில் கண்டுபிடித்தது அது. 1965-இல் காப்புரிமை கிடைத்தது, நிறுவனம் அவருக்குக் கொடுத்தது 10,000 டாலர் மட்டும். பின்னர் அவர் நீண்ட காலம் வழக்காட வேண்டியிருந்தது. ஆயில் பிசுக்குக் கையோடு சாக்கெட்டைப் பிடுங்கித் தவித்தவர்களுக்கு அந்தப் பொத்தானின் அருமை தெரியும். ஆனாலும் பணம் இடித்தால் அதை விட்டுவிடலாம்.

கிருஷ்ணகிரியில் கல் குவாரிகளை ஒட்டி இருப்பவர்கள் தூசியை மறந்துவிடக் கூடாது. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. சாதாரணக் கத்தி எஃகு 5.5-ஐ ஒட்டியே இருக்கும். தலைக்குள் புகுந்த தூசி ஒவ்வொரு 'டிக்'குக்கும் பல்லை அராவிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, மூடி இருந்தால் திறந்து மண்ணெண்ணெயில் கழுவி, சில துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் கெட்டியான கிரீஸை அப்பினால் நாக்கு பள்ளத்தில் முழுதாக விழாமல் பாதியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பாதி பிடித்த நாக்குதான் பாரம் வரும்போது தாவி பல்லைச் சிதைக்கிறது.

இறுக்கும்போது அபாயம் நேர்மாறானது. அரை இஞ்ச் ராட்செட் கையில் இருக்கும்போது 6 மில்லிமீட்டர் மரையுள்ள போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் போதும் என்பது கைக்குத் தெரியாது. 250 மில்லிமீட்டர் கைப்பிடியின் நுனியில் அது வெறும் 4 கிலோ இழுப்பு. பைக் இன்ஜின் உறையின் அலுமினிய மரை அதற்கு மேல் சற்றுப் பலமாக இழுத்தாலே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அப்படிப்பட்ட போல்ட்டுகளை முதலில் விரலால் மரையேற்றி, கடைசிச் சுற்றில் கைப்பிடியின் நுனியை விட்டுவிட்டு ராட்செட்டின் தலைக்கு அருகில் பிடித்து இறுக்குங்கள்.