போனைப் பறித்தால் பிள்ளை வாய் திறக்காது

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப் குழுக்களில் வரத் தொடங்கிய பிறகுதான் இலங்கை மலையகத்தின் பல லயன் வீடுகளுக்குள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள்) ஸ்மார்ட் போன் வந்தது. சிக்னல் தேடித் தேயிலை மலையேறிய பிள்ளைகள் அதை இயக்கத் தாமாகவே பழகிக்கொண்டார்கள். ஆனால் சமூக ஊடகத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாடசாலை ஆலோசனை ஆசிரியராக நான் கேட்கும் கதைகள் ஒன்றையொன்று ஒத்தவை. தேர்த் திருவிழாவில் சேலை கட்டி நின்ற ஒரு மாணவியின் படத்தை எவரோ எடுத்து, ஆபாசமான வரியொன்றைச் சேர்த்துப் பொய்க்கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அது வகுப்புக் குழுவுக்கு வந்து, மறுநாள் காலைப் பெரட்டுக்கு (தொழிலாளர் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் நேரத்துக்கு) முன்பே தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்கும் போய்விடுகிறது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த தோட்டத்தில் அந்தப் பிள்ளையால் குழாயடிக்குக்கூடப் போக முடிவதில்லை. படத்தைப் பரப்பிய மாணவர்களை அழைத்துக் கேட்டால், "நான் போடல சேர், வந்ததத்தான் அனுப்பினேன்" என்பார்கள். அவர்கள் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள் என்பதால், என் வகுப்புகளில் அதிக நேரத்தை இந்த ஒரு பதிலுக்கே செலவிடுகிறேன். நீங்கள் கடைசியாக அனுப்பிய படத்தில் இருப்பவர் யார், அவரிடம் கேட்டீர்களா, அதே படத்தைப் பெரட்டுக் களத்துச் சுவரில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுவீர்களா என்று கேட்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்துடன் அவரது தனிப்பட்ட தகவலை இணையத்தில் பரப்புவது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் சொல்கிறேன். எனினும் சட்டத்தைவிட அந்தக் கேள்விகளே மாணவர்களை அதிகம் தொடுகின்றன.

கடவுச்சொல்லைப் பகிர்வதை நட்பின் அடையாளமாக நினைப்பதும், பதின்மூன்று வயதாகுமுன்பே பிறந்த ஆண்டை மாற்றி பேஸ்புக் கணக்குத் திறப்பதும் இங்கே சாதாரணம். நட்பு முறிந்த மறுநாள் அந்தக் கடவுச்சொல் என்னவாகும் என்று ஒருமுறை பேசினாலே பலர் அதை மாற்றிவிடுகிறார்கள்.

பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: படத்தைக் காட்டி எவரோ மிரட்டுவது போன்ற பிரச்சினையைச் சொல்ல வரும் பிள்ளையின் போனைப் பறிக்காதீர்கள். நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய்க்கு இந்தச் செய்தி பேரிடியாக இருக்கும். கோபம் வருவதும் இயல்பே. ஆனால் சொன்னால் போன் போய்விடும், ஒருவேளை படிப்பும் நின்றுவிடும் என்று அஞ்சும் பிள்ளை, மிரட்டுபவன் கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மிரட்டுபவனுக்குப் பலமே அந்த அச்சம்தான்.

பிள்ளை சொன்னவுடன், எதையும் அழிக்காமல், கணக்கின் பெயரும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கணக்கின் இணைப்பையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகே அந்தக் கணக்கைப் பற்றி அந்தத் தளத்திடம் முறையிட்டு, அதைத் தடுக்க வேண்டும். அந்தரங்கப் படமாயின் அதை வேறு எவருக்கும், ஆசிரியருக்குக்கூட, அனுப்பக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம். கணக்கு களவாடப்பட்டால் இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்தை அழைக்கலாம். பதினெட்டு வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. அதில் படம் போனை விட்டு வெளியேறாது. படத்திலிருந்து உருவாகும் ஓர் எண்குறி மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்களுக்குச் சென்று, அதே படத்தைக் கண்டறிய உதவுகிறது. வட்ஸ்அப் உரையாடல்களுக்குள் அது எட்டாது என்பதால், குழுவில் படத்தைப் பெற்றவர்களை அழிக்கச் செய்யும் வேலை பாடசாலையுடையது.

தாய் மத்திய கிழக்கிலும் தந்தை கொழும்பிலும் இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்கு இவற்றையெல்லாம் செய்துகொடுக்க வீட்டில் ஆள் இல்லை. அவர்களுக்காக, எந்த ஆசிரியரிடம் போய்ச் சொல்லலாம் என்பதைத் தவணையின் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வகுப்பிலும் பெயர் சொல்லி அறிவிக்குமாறு அதிபர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.