எலும்பில் கட்டி, காரணம் கழுத்தில்

"தொடை எலும்பில் கட்டி என்று எக்ஸ்ரேயில் வந்திருக்கிறது. பயாப்சிக்கு முன்னால் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல டாக்டரிடம்தான் போயிருக்கிறார்.

தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலோருக்கு நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை ஹார்மோன் சுரந்து எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், கூடினால் அடங்கிவிடும். பள்ளியில் படித்ததுதான். சுரப்பி ஒன்று பெருத்து, அடங்க மறுக்கும்போது வம்பு தொடங்குகிறது.

எலும்பை அரிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பல கருக்கள் கொண்ட பெரிய செல்கள். ஹார்மோன் நேரே அவற்றிடம் போய் ஏவும் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் முக்கியமாக இருப்பது எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் வகைச் செல்களில். கடிதம் கொத்தனாருக்கு வருகிறது; இடிக்க ஆள் கூப்பிடுவதும் அவரே! அவர் வெளியிடும் 'ராங்க்-எல்' என்ற புரதம் பட்டதும், சிறிய முன்னோடிச் செல்கள் ஒன்றோடொன்று கலந்து ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகின்றன. அந்தப் புரதத்தை வழிமறிக்கும் இன்னொரு புரதத்தின் உற்பத்தியையும் கொத்தனாரே குறைத்துவிடுகிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

அரிப்பு மிஞ்சிய இடத்தில் நார்த்திசு நிறைகிறது, ரத்தம் கசிகிறது, அதன் இரும்பு படிந்து பழுப்பேறுகிறது. பெயரும் 'பழுப்புக் கட்டி'தான். ஆனால் இது புற்றுநோய் அல்ல. சிக்கல் என்னவென்றால், எலும்பில் வரும் 'ராட்சதச் செல் கட்டி'யிலும் ராங்க்-எல்தான் ஆள் திரட்டுகிறது. நுண்ணோக்கியில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். பல இடங்களில் தெரிந்தால் பரவிய புற்றுநோய் என்றும் தோன்றும்.

பரவிய புற்றுநோயிலும் கால்சியம் ஏறலாமே? ஏறலாம். ஆனால் அப்போது ஒழுங்கான சுரப்பி வாயை மூடிக்கொள்ளும். பாராதைராய்டு ஹார்மோன் இறங்கியிருக்கும். கால்சியம் உயர்ந்தும் ஹார்மோன் இறங்காமல் நின்றால், கழுத்தைத் தேட வேண்டும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் கணக்கு வேறு: கால்சியம் இயல்பாகவோ குறைவாகவோ இருந்தும் ஹார்மோன் எகிறும், பழுப்புக் கட்டியும் வரலாம். ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இந்த எளிய சோதனையை விட்டுவிட்டு நேரே கத்தியை எடுப்பது என்னைப் பொறுத்தவரை மன்னிக்க முடியாத அவசரம்.

அவசரம் இல்லாமலும் தடம் மாறலாம். 1925இல் வியன்னாவில் எலும்பு நொறுங்கிய ஒரு டிராம் நடத்துநருக்கு, பாராதைராய்டு போதவில்லை என்று எண்ணி, ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை மருத்துவர் முதலில் அந்தத் திசுவை ஒட்டவைத்தார். பலன் இல்லை. பிறகு கழுத்தைத் திறந்து, பெருத்திருந்த சுரப்பியை அகற்றினார், நோயாளி தேறினார்.

இன்றும் வழி அதுதான். சுரப்பியை எடுத்தபின் பல பழுப்புக் கட்டிகள் தாமாகவே எலும்பாகி நிரம்புகின்றன. பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை அள்ளி விழுங்குவதால், அறுவைக்குப் பின் முதல் நாட்களில் ரத்தத்தில் அது அபாயமாகச் சரியக்கூடும். அதனால் அப்போதும் டாக்டர் கேட்பது அதே கால்சியம் சோதனையைத்தான்.