சூப்பர்ஹீரோ படங்கள் ஏன் கிடப்பில் கிடக்கின்றன?

1992 டிசம்பர் 28. ஆண்டு முடியப் போகிற நேரத்தில் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படப்பிடிப்பு அவசர அவசரமாகத் தொடங்கியது. பட்ஜெட் சுமார் 10 லட்சம் டாலர். ரப்பர் போல நீளும் மனிதனையும் நெருப்பாய்ப் பறக்கும் இளைஞனையும் காட்ட அன்றைக்கே அது சில்லறைக் காசு. ஜெர்மானியத் தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐஷிங்கருக்கு வேறு வழியில்லை. காமிக்ஸ் நிறுவனமான மார்வெலிடமிருந்து 1986-இல் அவர் வாங்கிய படமாக்கும் உரிமை டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும். குறைந்த செலவில் படமெடுப்பதில் பேர்போன ராஜர் கோர்மனைச் சேர்த்துக்கொண்டு கேமராவை ஓடவிட்டார். உரிமை தங்கியது. எடுத்து முடித்த படமோ திரையரங்குக்கு வரவே இல்லை.

ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஏன் இந்த ஓட்டம்?

காமிக்ஸ் பாத்திரத்தைப் படமாக்க நினைக்கும் நிறுவனம் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் முழு விலை கொடுப்பதில்லை. நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுவைப்பது போலச் சிறு தொகை கொடுத்து ஒரு கெடு வாங்கிக்கொள்கிறது. கெடுவுக்குள் மீதியைக் கட்டிப் படமெடுக்கலாம். எடுக்காவிட்டால் உரிமை சொந்தக்காரரிடமே திரும்பிவிடும். ஹாலிவுட்டில் இதை ஆப்ஷன் என்பார்கள்.

பங்குச்சந்தையில் புழங்கும் ஆப்ஷனுக்கும் அடிப்படை இதுதான். டிவிடெண்ட் தராத ஒரு பங்கை வாங்கும் ஆப்ஷன் கையில் இருந்தால், கெடுவுக்கு முன்பே அதைப் பயன்படுத்துவதில் லாபமில்லை என்று 1973-இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் நிறுவினார். விலை ஏறினால் ஆதாயம் உங்களுக்கு. இறங்கினால் அட்வான்ஸ் மட்டும் போகும். அதனால் காத்திருக்கும் உரிமைக்கே ஒரு மதிப்பு உண்டு. சினிமா அப்படியே பங்குச்சந்தை ஆகிவிடாது, சரி. ஆனாலும் கணக்கின் போக்கு ஒன்றுதான். காத்திருந்தால் கிராஃபிக்ஸ் மலிவாகும், இன்னொரு நிறுவனம் எடுக்கும் படம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், பாத்திரத்துக்கோ வயது ஏறாது. இழுத்தடிப்பைச் சோம்பல் என்றோ குழப்பம் என்றோ நாம் நினைக்கிறோம். ஸ்டுடியோ பக்கமிருந்து பார்த்தால் அது பல சமயம் சரியான முடிவு. காத்திருப்பின் செலவு வேறொருவர் தலையில் விழுகிறது: மூன்று நான்கு வருடத்தை ஒரே கதையில் போட்ட எழுத்தாளர், அதற்காக வேறு படத்தை விட்ட இயக்குநர்.

ஸ்பைடர்மேன் கதையில் இது முழுதாகத் தெரியும். 1985-இல் கேனன் என்ற படத் தயாரிப்பு நிறுவனம் 2.25 லட்சம் டாலருக்கு ஐந்து வருட உரிமை வாங்கியது. கேனன் நொடிந்தது. பங்குதாரர் மெனாஹெம் கோலன் உரிமையைத் தன் புது நிறுவனத்துக்கு எடுத்துப்போனார். அங்கே பணம் புரட்டுவதற்காக அதைத் துண்டு போட்டு விற்றார். தொலைக்காட்சி உரிமை வயாகாமுக்கு, வீடியோ உரிமை கொலம்பியாவுக்கு, திரையரங்கு உரிமை கரோல்கோவுக்கு. கரோல்கோ ஜேம்ஸ் கேமரூனை அழைத்துவர, அவரும் விரிவான கதை வடிவம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அப்புறம் தயாரிப்பாளராகத் தன் பெயர் வரவேண்டும் என்று கோலன் வழக்குப் போட்டார். ஒரு வழக்கு பல வழக்காகக் கிளைத்தது. வழக்காடிய நிறுவனங்களில் சில திவாலாயின. 1996 இறுதியில் மார்வெலே திவால் பாதுகாப்பு கேட்டு நின்றது. கேமரூன் 'டைட்டானிக்' பக்கம் போய்விட்டார். கடைசியில் 1999-இல் கொலம்பியாவின் உரிமையாளரான சோனி ஜேம்ஸ் பாண்ட் மீது கொண்டாடிய உரிமையைக் கைவிட, எம்ஜிஎம் ஸ்டுடியோ ஸ்பைடர்மேன் மீது கொண்டாடியதைக் கைவிட்டது. சாம் ரைமி இயக்கத்தில் 2002 மே மாதம் படம் வந்து, உலகம் முழுவதும் 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2.25 லட்சத்தில் தொடங்கிய சமாச்சாரம்!

கிடப்பில் கிடக்கும் படத்துக்கும் செலவு ஏறும். டிம் பர்ட்டன் இயக்க, நிக்கோலஸ் கேஜ் நடிக்கவிருந்த 'சூப்பர்மேன் லிவ்ஸ்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பர்ட்டன் வருவதற்கு முன்பு எழுதியவர் கெவின் ஸ்மித். சூப்பர்மேன் பறக்கக் கூடாது, வழக்கமான உடை கூடாது, கடைசியில் ராட்சதச் சிலந்தியோடு சண்டை வேண்டும் என்று தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸ் சொன்னதை ஸ்மித் மேடைதோறும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். பர்ட்டன் வந்ததும் வேறு எழுத்தாளர், செலவைக் குறைக்க இன்னொருவர். 1998-இல் வார்னர் ஸ்டுடியோ கையைத் தூக்கியபோது சுமார் 3 கோடி டாலர் போயிருந்தது. படம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சம்பளம் உண்டு என்ற ஒப்பந்தம் பர்ட்டனுக்கும் கேஜுக்கும் இருந்ததால் அவர்களுக்குப் பணம் வந்தது. சிலந்தி மட்டும் அடுத்த ஆண்டே இயந்திர வடிவில், பீட்டர்ஸ் தயாரித்த இன்னொரு படத்தில் ஏறிக்கொண்டது.

இப்படி ஏறிய செலவுதான் படத்தை வேறு ஸ்டுடியோவுக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கிறது. புதிதாக எடுக்க வருபவர் பழைய செலவைத் திருப்பித் தரவேண்டும் என்பது வழக்கம். 'வாட்ச்மென்' விஷயத்தில் தன் பங்கு தீர்க்கப்படவில்லை என்று, முன்பு அதன் உரிமையை வைத்திருந்த ஃபாக்ஸ் 2008-இல் வார்னர் மீது வழக்குத் தொடுத்தது. படம் எடுத்து முடித்த பிறகு, டிசம்பர் 24 அன்று, நீதிபதி ஃபாக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தார். வெளியீட்டுக்கு இருந்தது பத்து வாரம். ஜனவரியில் சமரசம் பேசித்தான் படம் 2009 மார்ச்சில் வந்தது.

இதுவரை சொன்னது வெளியீட்டுத் தேதி இல்லாத படங்களின் கதை. தேதி குறித்துவிட்டால் நிலைமை தலைகீழ். அப்போது பல சமயம் தேதி நகராது, ஆள் நகர்வார். இயக்கவிருந்த எட்கர் ரைட்டும் அவரோடு எழுதிய ஜோ கார்னிஷும் மார்வெலின் 'ஆன்ட்-மேன்' கதையில் எட்டு வருடத்துக்கு மேல் உழைத்தார்கள். அவர்கள் தொடங்கியபோது 'அயர்ன் மேன்' படமே வரவில்லை. முடிக்கப் போனபோது மார்வெலுக்கு ஒன்றோடொன்று கோத்த படவரிசை இருந்தது, தனித்து நிற்கும் படம் அதில் ஒட்டவில்லை. தன் திரைக்கதையைத் தான் இல்லாமல் திருத்தி எழுத மார்வெல் விரும்பியது என்று ரைட் பின்னர் சொன்னார். 2014 மே மாதம் விலகினார். சில வாரங்களில் பேடன் ரீட் இயக்குநராக உள்ளே வந்தார், 2015 ஜூலையில் படம் வந்தது. கதை ரைட், கார்னிஷ் பெயரில்தான். திரைக்கதையில் அவர்களோடு ஆடம் மெக்கேயும் நாயகன் பால் ரட்டும் சேர்ந்திருந்தார்கள். எழுதியவர் வெளியேறினாலும் பெயர் நிற்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விதிகள் காரணம். யார் பெயர் வரவேண்டும் என்பதில் கடைசி வார்த்தை சங்கத்துடையது, ஸ்டுடியோவுடையது அல்ல. இயக்குநருக்கு இந்த அளவு தற்காப்பு இல்லை என்பது என் வருத்தம்.

இன்று மார்வெல், டிசி பாத்திரங்களில் பெரும்பாலானவை அவற்றின் தாய் நிறுவனங்களிடமே இருக்கின்றன. காலாவதிக் கெடு என்ற நெருக்கடியே கிடையாது. 2019-இல் நடிகர் மஹெர்ஷாலா அலியை மேடையேற்றி 'பிளேட்' அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 45. இயக்குநர் பஸ்ஸாம் தாரிக் 2022-இல் விலகினார், அடுத்து வந்த யான் டெமாஞ்ச் 2024-இல். அதே ஆண்டு அக்டோபரில் வெளியீட்டு அட்டவணையிலிருந்தே படம் நீக்கப்பட்டது. உரிமை பத்திரமாக மார்வெலிடமே இருப்பதால், அடுத்த இயக்குநரைத் தேட யாருக்கும் அவசரம் இல்லை.