சதை எடுக்கும் முன் அந்த ட்யூபை மூடி வையுங்கள்

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் முழங்கையிலோ இடுப்பிலோ சோரியாசிஸ் என்ற தோல் நோய் மாதிரி செதில் செதிலாகப் படை வந்தால், பலர் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். அங்கே கொடுக்கும் ட்யூபில் பெரும்பாலும் குளோபெட்டாசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். கூடவே பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும். நாலு நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். மாதக்கணக்கில் இப்படி ஓட்டிய பிறகு பயாப்ஸி, அதாவது சோதனைக்குத் துளி சதை, எடுத்தால், தடயத்தில் பாதி அழிந்திருக்கும்.

"சதை எடுத்தா கேன்சரா?" என்று வீட்டில் பயப்படுவார்கள். பெரும்பாலும் அதற்காக இல்லை. நாள்பட்ட எக்சிமா, பூஞ்சையால் வரும் படர்தாமரை, இரண்டாம் கட்ட சிபிலிஸ் என்ற பால்வினை நோய், அபூர்வமாகத் தோல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் என்று பலதும் சோரியாசிஸ் வேஷம் போடும். எது எதுவென்று பிரிக்கத்தான் இது.

மரத்துப்போக ஊசி, 4 மி.மீ. பஞ்ச் (வட்டமாகச் சதையை வெட்டியெடுக்கும் சின்னக் கருவி), ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தடவும் ஸ்டீராய்டை 2 முதல் 4 வாரம் முன்பே நிறுத்துங்கள். சொறிந்து புண்ணான இடம் உதவாது. புதிதாகத் தடித்த, களிம்பு படாத படை வேண்டும். காசிமேட்டில் ஐஸிலும் மீனிலும் ஊறும் உள்ளங்கையில் எடுத்தால் எக்சிமாவா சோரியாசிஸா என்று சதையே குழப்பும். முழங்கையில் படை இருந்தால் அங்கே எடுப்பது மேல். துண்டை இடுக்கியால் நசுக்கக் கூடாது. துண்டைப்போல் பத்து மடங்காவது 10 சதவீத ஃபார்மலின் (சதை கெடாமல் காக்கும் திரவம்) வேண்டும். சலைனில் (உப்புநீரில்) போட்டால், நம் வெயிலில் லேபுக்கு வருவதற்குள் கெட்டுவிடும்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சோரியாசிஸில் மேல்தோல் விரல் விரலாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் கீழிறங்கும். செதிலில் செல்கள் உட்கருவோடே நிற்கும். அதற்குள் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் குவியும். இதுதான் மன்ரோ நுண்சீழ்க்கட்டி. எக்சிமாவில் செல்களுக்கிடையே நீர் கோத்திருக்கும்.

ஆனால் படர்தாமரையிலும் செதிலில் நியூட்ரோஃபில்கள் வரும். வழக்கமான சாயத்தில் பூஞ்சை கண்ணில் படாமல் போகலாம். பூஞ்சையைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயம் போட்டால், செதிலுக்குள் கருஞ்சிவப்பாக மெல்லிய இழைகள் தெரியும். இதைத் தவறவிட்டு, பூஞ்சைக்குப் போய், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சோரியாசிஸ் மருந்தான மெத்தோட்ரெக்சேட் தொடங்கினால் படை உடம்பெல்லாம் பரவக்கூடும். நியூட்ரோஃபில் கண்டால் பி.ஏ.எஸ். கட்டாயம் என்பது லேபில் சதையைப் பார்க்கும் எங்கள் கட்சி.

சதையோடு லேபுக்கு வரும் படிவத்தில் வெறும் "சோரியாசிஸ்?" என்று வந்தால் போதாது. எத்தனை மாதமாக, எங்கெங்கே, என்ன மாத்திரை என்பதெல்லாம் வேண்டும். பி.பி.க்குத் தரும் பீட்டா பிளாக்கர், மனநோய்க்குத் தரும் லித்தியம்கூட சோரியாசிஸைக் கிளறிவிடும். களிம்பின் பேர் நினைவில்லையா? காலி ட்யூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.