கோச்: வண்டியா, வாத்தியாரா, வழித்துணையா?

ரயில் நிலையத்தில் "கோச் நம்பர் என்ன?" என்று கேட்கிறோம். மைதானத்தில் விசிலோடு நிற்பவரும் கோச்தான். நீட் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் பிள்ளைகள் போவது கோச்சிங் சென்டர். இப்போது நாலாவதாக ஒரு கோச் வந்திருக்கிறார். இருபது, இருபத்தைந்து வருஷம் விற்பனையிலோ உற்பத்தியிலோ நிதித்துறையிலோ இருந்துவிட்டு, வேலையை விட்டபின் லிங்க்ட்இன்னில் 'பிசினஸ் கோச்', 'எக்சிகியூட்டிவ் கோச்' என்று போட்டுக்கொள்பவர். தொழில் நடத்துபவர்களோடும் மேலதிகாரிகளோடும் உட்கார்ந்து பேசி, அவர்களே யோசித்து முடிவெடுக்கத் துணை நிற்பது இவர் வேலை. "என் அனுபவமும் உள்ளுணர்வும் சேர்ந்ததுதான் என் தொழில்" என்பது இவர்கள் அடிக்கடி சொல்வது. அந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் தொழிலே விளங்கும்.

முதலில் வண்டிதான். ஹங்கேரியில் வியன்னாவுக்கும் புடாவுக்கும் இடையிலான சாலையில் கோச் என்று ஒரு ஊர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த இலகுவான குதிரைவண்டிக்கு நல்ல பெயர். 'கோச்சி' என்றால் கோச் ஊரைச் சேர்ந்தது, அவ்வளவுதான். நாம் பத்தமடைப் பாய் என்பதுபோல. அது ஜெர்மனில் குட்ஷெ ஆகி, பிரெஞ்சில் கோஷ் ஆகி, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்கு வந்தது. நம் ஊரில் கோச்சு வண்டியும் கோச்சுவானும் அந்த வழியில் வந்தவர்கள்.

வண்டி மனிதராக மாறியது ஆக்ஸ்போர்டில். 1830களில் அங்கே மாணவர்கள், பணம் வாங்கிக்கொண்டு தங்களைப் பரீட்சையில் கரையேற்றிவிடும் தனி ஆசிரியரைக் கேலியாகக் கோச் என்றார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், ஊர் சேர்த்துவிடுவார்! சில பத்தாண்டுகள் கழித்து, 1860களில், அதே சொல் படகுப் போட்டிக்குப் பயிற்சி கொடுப்பவருக்குப் போனது. ஆக, நம் தெருமுனைக் கோச்சிங் சென்டர்தான் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. விளையாட்டுக் கோச் அதற்குப் பின்னால் வந்தவர்.

தனி ஆசிரியர் என்றதும் ட்யூஷன் ஞாபகம் வரும். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் 'துவேரி'. பார்ப்பது, பார்த்துக்கொள்வது, காப்பது என்று பொருள். உள்ளுணர்வுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் இன்ட்யூஷனுக்கும் அதே வேர்தான்: 'இன்துவேரி', உற்றுப் பார்ப்பது. வானத்திலிருந்து இறங்கும் அசரீரி என்ற பொருள் மூலத்தில் இல்லை. பார்வை, அதுவும் உற்ற பார்வை.

இன்றைய கோச்சிங் தொழிலும் பார்வையிலிருந்துதான் கிளம்பியது. டிமதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்றுநர் 1970களில் ஒன்றைக் கவனித்தார். "மணிக்கட்டை இப்படி வை, காலை அப்படி வை" என்று சொல்லச் சொல்ல ஆடுபவர் இன்னும் தடுமாறினார். அதை விட்டுவிட்டு, பந்து தரையில் படும்போதும் மட்டையில் படும்போதும் வாய்விட்டுச் சொல்லும்படி மட்டும் கேட்டார். கவனம் பந்தின்மேல் போனதும் ஆட்டம் தானாகத் திருந்தியது. கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இந்த முறையை பிரிட்டனில் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். 1995இல் தாமஸ் லெனர்ட் அமெரிக்காவில் கோச்களுக்கென்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். அதன் சுருக்கப் பெயர் ஐசிஎப். சென்னைக்காரர் காதில் விழுந்தால் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். அதுவும் கோச் செய்யும் இடம்தானே!

சரி, உள்ளுணர்வை எவ்வளவு தூரம் நம்பலாம்? பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய ஹெர்பர்ட் சைமன், உள்ளுணர்வு என்பது அடையாளம் கண்டுகொள்வது, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை என்றார். முன்பு பலமுறை பார்த்த ஒன்றின் சாயலை மனம் சட்டென்று பிடித்துவிடுகிறது. தீயணைப்புப் படைத் தலைவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த கேரி கிளைன் உள்ளுணர்வின் பக்கம். அது எங்கெல்லாம் ஏமாற்றும் என்று காட்டியவர் டேனியல் கானமன். இருவரும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதி, இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள். அந்தத் துறையில் ஓரளவு ஒழுங்கு இருக்க வேண்டும், அதாவது இது நடந்தால் அடுத்து இது என்று ஊகிக்க முடிய வேண்டும். நாம் நினைத்தது சரியா தப்பா என்று திரும்பத் திரும்பத் தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். தனக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது கணக்கில் வராது.

தொழில் அனுபவத்தோடு கோச் ஆகிறவருக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நூறு விற்பனையாளர்களை வேலைக்கு எடுத்து, அவர்கள் நின்றதையும் போனதையும் பார்த்தவருக்கு ஆட்களைப் பற்றித் தோன்றுவதற்கு மதிப்பு உண்டு. அதே ஆளுக்கு அடுத்த வருஷம் சந்தை எப்படி இருக்கும் என்று 'தோன்றினால்' அதைக் கேட்டுக்கொள்ளலாம், பணம் போட வேண்டாம். பட்டறிவு என்ற தமிழ்ச் சொல் இங்கே அனுபவத்தைவிடக் கறாரானது. பட்டு அறிந்ததுதான் பட்டறிவு. வருஷக்கணக்கில் இருந்தும் விளைவைப் பார்க்காதவருக்கு அது சேர்வதில்லை.

பில் கேம்ப்பெல்லைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1974 முதல் 1979 வரை கொலம்பியா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைக் கோச். 12 வெற்றி, 41 தோல்வி, ஒரு சமன். மைதானத்தை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார், அப்புறம் கோடக், 1983இல் ஆப்பிள், 1994இல் இன்ட்யூட் நிறுவனத்தின் தலைமை அதிகாரி (பெயரிலேயே இன்ட்யூஷன்!). அதன்பின்தான் சிலிக்கான் பள்ளத்தாக்கு முழுக்க அவரைக் கோச் என்று கூப்பிட்டது. கோச் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலீட்டாளர் ஜான் டோர் சொன்னபோது, அப்போது கூகுளின் தலைமை அதிகாரியாக இருந்த எரிக் ஷ்மிட்டுக்கு முதலில் பிடிக்கவில்லை. நானே அனுபவப்பட்ட தலைமை அதிகாரி, எனக்கு எதற்கு என்று நினைத்தார். பிறகு, தனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே சிறந்தது அதுதான் என்று அவரே சொன்னார். கேம்ப்பெல் பொறியாளர் அல்லர். தேடுபொறி எப்படி ஓட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் யார் பேசாமல் இருக்கிறார், யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகவில்லை என்று பார்த்தார். ஒரு கம்பெனியை நடத்திப் பட்டவர் என்பதால் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தது.

இதற்குத் தமிழில் எப்போதோ பெயர் இருக்கிறது: குறிப்பறிதல். திருக்குறளில் அந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள். காதலர்களுக்கானது 110ஆவது. இன்னொன்று பொருட்பாலில் 71ஆவது, மன்னரைச் சேர்ந்தொழுகலுக்கு அடுத்து. அதாவது அதிகாரத்தில் இருப்பவர் பக்கத்தில் இருந்து வேலை பார்ப்பவர்களுக்கானது. "கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்" என்று தொடங்குகிறது. லத்தீன் வேரில் இருக்கும் அதே பார்வை, இங்கே 'நோக்கி'. உள்ளுணர்வு என்ற சொல் பொதுவாக இருக்கட்டும். கோச் செய்கிற வேலைக்குக் குறிப்பறிதல்தான் பொருத்தம்.

ஐசிஎப் தன் திறன் பட்டியலில் உள்ளுணர்வை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. ஆனால் தோன்றியதைச் சொல்லும்போது அதைப் பிடித்துத் தொங்கக்கூடாது என்கிறது. "நீங்க அந்த பார்ட்னரை நம்பலை" என்று தீர்ப்புச் சொல்வது ஒன்று. "பார்ட்னர் பேர் வந்ததும் குரல் இறங்கின மாதிரி இருந்தது, அப்படியா?" என்று கேட்பது இன்னொன்று. மேலாளராக இருந்து கோச் ஆனவர்களுக்கு இரண்டாவதுதான் கஷ்டம். வாழ்நாளெல்லாம் பதில் சொல்லச் சம்பளம் வாங்கியவர்கள். ஐசிஎப் பயிற்சிக் கணக்கு வைத்திருப்பதும் அதனால்தான்: முதல் நிலைச் சான்றிதழுக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரக் கோச்சிங்கும், உச்ச நிலைக்கு 200 மணி நேரமும் 2,500 மணி நேரமும். சான்றிதழ் இல்லாமல் தொழில் நடத்தவும் தடையில்லை. அதனால்தான் இத்தனை கோச்கள்.

சரியான தமிழ்ச் சொல் எது? விளையாட்டுக்குப் பயிற்றுநர், பயிற்சியாளர் இரண்டும் நிலைத்துவிட்டன. அங்கே மாற்ற ஒன்றுமில்லை. தொழில் கோச்சுக்குப் பயிற்சியாளர் ஒட்டாது, அவர் எதையும் பயிற்றுவதில்லை. ஆலோசகர் பதில் சொல்பவர். ஆற்றுப்படுத்துநர் என்பது அழகான சொல். ஆறு என்றால் வழி. பரிசு பெற்று வரும் பாணன், பெறாத பாணனுக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. தான் பெற்ற அனுபவத்தைச் சொல்லி ஊரையும் வள்ளலையும் காட்டிவிடுகிறான். அது மென்டரின், அதாவது தன் அனுபவத்தைக் கொண்டு வழிகாட்டும் மூத்தவரின், வேலை. போதாததற்கு மனநலத் துறையில் கவுன்சிலருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

என் ஓட்டு வழித்துணைக்கு. வண்டியில் ஏறியவர்தான் எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். துணைக்கு வருபவர் வழியில் எங்கே பள்ளம் என்று பார்ப்பார். வணிகத்தோடும் இந்தச் சொல்லுக்குப் பழைய உறவு உண்டு: வேலூர் பக்கம் விரிஞ்சிபுரத்து இறைவன் பெயர் வழித்துணைநாதர், வணிகர் ஒருவருக்குத் துணையாக வந்தவர் என்பது தல புராணம். பிசினஸ் கோச்சைத் தொழில் வழித்துணை என்றும், கோச்சிங்கை வழித்துணைப் பணி என்றும் எழுதலாம். 'வழித்துணைவர்' என்று நீட்டினால் கல்யாணப் பத்திரிகை வாடை அடிக்கிறது. கோச்சிங் பெறுபவருக்கு இதே போல ஒரு புதுச்சொல் தேட வேண்டியதில்லை. வாடிக்கையாளர் என்றே இருக்கட்டும், பில் போடும்போது அதுதான் வசதி.